கமெரா வருவதற்கு முன் நாங்கள் வரைந்து வைப்போம்

ஊரவர்கள், உறவுகள், என்னிடம் படித்த பிள்ளைகள், பக்கத்துத் தெருத் தமிழ் நண்பர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் ஒருநாள் தரம் ஒன்பதில் பாடம் முடிந்து புத்தகத்தை மூடும்போது ஒரு பிள்ளை கேட்டாள். "டீச்சர், கமலா கான் எண்டு ஒரு சோனகப் பிள்ளை சுப்பர் ஹீரோவா வாறா. கமலா எண்டா தமிழாக்களின்ர பேரல்லோ?"

வகுப்பே சிரித்தது. ஆனால் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் அந்தத் தொடரைப் பார்த்திருந்தார்கள். எந்த வழியால் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கமலா என்றால் தாமரை. அந்தப் பிள்ளையின் வீட்டில் அது 'கமால்' என்ற அரபுச் சொல்லில் இருந்து வருகிறது. அரபியில் நிறைவு, உருதுவில் அதிசயம். தொடரின் கடைசிப் பகுதியில் அவளுடைய வாப்பா யூசுப் இதைத்தான் அவளுக்கு விளங்கப்படுத்துகிறார். ஒரே பெயர் இரண்டு வீட்டுக்கும் சொந்தமாக இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சோனகர் தெருவில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அன்று தொடங்கிய பேச்சு வகுப்போடு நிற்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதை. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2014 பெப்ரவரியில் 'மிஸ். மார்வெல்' என்ற கொமிக்ஸ் வரிசையைத் தொடங்கியது. நியூ ஜேர்சியில் ஜேர்சி சிட்டி என்ற நகரத்தில், பாகிஸ்தானில் இருந்து போய்க் குடியேறிய குடும்பத்தின் பதினாறு வயது மகள்தான் கமலா கான். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண். வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. மார்வெலில் பதிப்பாசிரியராக இருந்த சனா அமானத் என்ற பெண் தன்னுடைய சின்ன வயதுக் கதைகளைச் சக பதிப்பாசிரியர் ஒருவரிடம் சொல்லப்போய்த்தான் இந்தப் பாத்திரமே பிறந்தது. அவரும் நியூ ஜேர்சியில் வளர்ந்த பாகிஸ்தானிய வீட்டுப் பிள்ளை. இதழ்களைத் தொகுத்து வந்த முதல் புத்தகம் 2015இல் ஹியூகோ விருது பெற்றது. இப்படித் தொகுத்து வருவதைத்தான் இப்போது கிராஃபிக் நாவல் என்கிறார்கள். சிவகாசியில் அச்சான இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்த எங்கள் வாப்பாமாருக்கு அது வெறும் சித்திரக்கதைதான்.

2022 ஜூன் 8இல் இருந்து ஜூலை 13 வரை, ஆறு பகுதிகளாக, டிஸ்னி பிளஸ்ஸில் அது தொடராக வந்தது. தலைமை எழுத்தாளர் பிஷா கே. அலி. கமலாவாக நடித்தவர் இமான் வெல்லானி. பாகிஸ்தானில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், அதற்கு முன் எதிலும் நடித்ததில்லை, ஆனால் அந்தக் கொமிக்ஸின் பரம இரசிகை.

நான் முதலில் தொடரைப் பார்த்தேன், பிறகு புத்தகத்தை வாசித்தேன். தொடரில் ஒரு காட்சி: கமலாவும் தோழி நாக்கியாவும் பள்ளிவாசலுக்குப் போகிறார்கள். பெண்கள் பகுதி திருத்தப்படாமல் கிடக்கிறது. பயான் சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்தால் நாக்கியாவின் விலை கூடின சப்பாத்தைக் காணவில்லை! எங்கள் பள்ளிவாசலில் செருப்புத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாக்கியா அதற்காக அழவில்லை. பள்ளிவாசல் நிர்வாக சபைத் தேர்தலில் நிற்கிறாள். ஹிஜாப் போட்ட பிள்ளை, வாய் கொஞ்சம் கூடின பிள்ளை. எங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கமலாவை விட நாக்கியாவைத்தான் பிடித்திருந்தது.

இப்படிச் சின்னச் சின்ன விசயங்களை அந்த வீட்டுக்குள் வாழ்ந்தவர்களால்தான் எழுத முடியும். கொமிக்ஸைத் தொடங்கி வைத்த சனா அமானத்தே தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். கொமிக்ஸில் இருந்து தொலைக்காட்சிக்குப் போகும் வழியில் கதையை முழுதாகக் கைமாற்றிவிடாமல் சொந்தக்காரி கூடவே போனதால்தான் அந்த வீட்டின் வாசனை மிஞ்சியது என்று நினைக்கிறேன்.

மாற்றாமல் எடுத்தார்கள் என்று இல்லை. நிறைய மாற்றினார்கள். கொமிக்ஸில் கமலாவின் சக்தி, உடம்பை நீட்டுவது, சுருக்குவது, வேறு ஆளாக உருமாறுவது. சக்தி கிடைத்த முதல் இரவில் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? தன்னுடைய உருவத்தை விட்டுவிட்டு, பொன்நிறத் தலைமயிரும் வெள்ளைத் தோலும் உள்ள கரோல் டென்வர்ஸாக மாறுகிறாள். அவள் கும்பிடாத குறையாகப் போற்றுகிற கதாநாயகி அவர். மாறின பிறகுதான், அடுத்தவளின் உடம்பு தனக்குச் சுகமாக இல்லை என்று கண்டுபிடிக்கிறாள்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். புத்தளத்தில் நான் படித்த பாடசாலையில் எங்களை 'அகதிப் பிள்ளைகள்' என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. பேச்சில் யாழ்ப்பாணம் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று 'எண்டு' சொல்லாமல் பழகினேன். திரும்பி இங்கே வந்த பிறகு, 'உங்கட பேச்சு புத்தளத்துப் பேச்செல்லோ' என்றார்கள். மறுபடியும் 'எண்டு' பழகினேன். உடம்பை மாற்றுவதற்கு எங்களுக்குச் சக்தி கிடைக்கவில்லை. நாக்கைத்தான் மாற்றினோம்.

தொடரில் இந்த உருமாற்றம் இல்லை. அங்கே அவளுடைய சக்தி கையில் இருந்து வரும் கெட்டியான ஒளி. பழைய இரசிகர்கள் இதற்காகக் கோபப்பட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெண் பிள்ளை தன் உடம்போடு படுகிற பாட்டைச் சொன்ன கதையில் இருந்து அந்தப் பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதற்குப் பதிலாகத் தந்த ஒன்று இருக்கிறது. தொடரில் அந்தச் சக்தி ஒரு வளையலோடு வருகிறது. கராச்சியில் இருக்கும் உம்மம்மா சனா அனுப்பிய வளையல். அது உம்மம்மாவின் தாய் ஆயிஷாவுடையது. அந்த வளையலைப் பின்தொடர்ந்து போனால் கதை 1947க்குப் போகிறது. இந்தியா, பாகிஸ்தான் பிரிந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட சனம் வீடு விட்டுப் போன காலம். ஐந்தாம் பகுதியில் ஒரு புகையிரத நிலையம். கடைசி வண்டி. நெருக்கித் தள்ளும் கூட்டம். அதற்குள் கைவிட்டுப் போன ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் உம்மம்மா. கொமிக்ஸில் சில பக்கங்களில் வந்துபோகிற பிரிவினைக் கதையைத் தொடர் நடுவில் கொண்டுவந்து வைத்தது. அந்தப் பகுதியை இயக்கியவர் ஷர்மீன் ஒபைட் சினோய், ஆவணப் படங்களுக்காக இரண்டு முறை ஒஸ்கார் வாங்கிய பாகிஸ்தானியப் பெண். கராச்சிக் காட்சிகளை எடுத்தது தாய்லாந்தில் என்றாலும் பார்க்கும்போது அது தெரியவில்லை.

அந்தப் பகுதியை நான் உம்மாவோடு இருந்து பார்த்தேன். உம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, உருதுவும் தெரியாது. அரைவாசிக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை கூட்டத்துக்குள் காணாமல் போனபோது மட்டும், "அவ ஏன் பிள்ளையின்ர கையை விட்டவ?" என்று கேட்டா. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "நான் உன்ன சீலையால என்னோட சேர்த்துக் கட்டித்தான் வச்சிருந்தனான்" என்றா.

1990 ஒக்டோபர் 30. நான் கைக்குழந்தை. 2025 ஒக்டோபரோடு 35 வருடம். அந்த 35 வருடத்தில் அந்தச் சீலையைப் பற்றி உம்மா எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

எங்கள் பிள்ளைகளுக்காகவும், தெரியாத தமிழ்த் தம்பி தங்கைகளுக்காகவும் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று காலை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகை, காசு, சாமான் எல்லாம் விட்டுவிட்டுப் போகவேண்டும். சாவகச்சேரி முஸ்லிம்களை அதற்கு முன்னமே அனுப்பிவிட்டார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று வடக்கு முழுவதிலும் இருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இது பற்றிப் பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று விசாரித்து 2011இல் அறிக்கையும் வந்தது. அறிக்கை இருக்கிறது, ஆனால் எங்கள் வீடுகளில் பேச்சு இல்லை.

ஒரு தொலைக்காட்சித் தொடர் என் உம்மாவை இரண்டு வசனம் பேசவைத்தது. அதற்கு நான் நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்தத் தொடரில் எனக்கு மனக்குறையும் உண்டு. பிரிவினையின்போது யார் யாருக்குப் பயந்து ஓடினார்கள், யார் கதவைத் திறந்துவிட்டார்கள், யார் காட்டிக்கொடுத்தார்கள் என்ற ஒன்றும் அந்த நிலையத்தில் விளங்காது. எல்லாம் கூட்டம், புகை, சத்தம். வில்லன்களாக வருபவர்கள் வேறு உலகத்தில் இருந்து வந்த 'ஜின்'கள். ஜின்னை இப்படிக் கதைக்கு இழுத்ததை மார்க்கக் கண்ணால் பார்ப்பவர்கள் விரும்பமாட்டார்கள், அது ஒரு பக்கம். என் குறை வேறு. மனிதர் மனிதருக்குச் செய்ததைச் சொல்லவேண்டிய இடத்தில் ஜின் வந்து நின்றால், ஒருவரும் ஒன்றுக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது.

உள்ளுக்குள் இருந்து வந்தவர்கள் எடுத்ததிலேயே இந்தக் குறை என்றால், வெளியில் இருந்து வருகிறவர்கள் எடுத்தால் எப்படி இருக்கும்? அதையும் பார்த்துவிட்டோம். 2021இல் 'த ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவம் வந்தபோது, ஈழத் தமிழரைக் காட்டிய விதத்துக்காகத் தமிழ்நாட்டு அரசே இந்திய மத்திய அரசுக்குக் கடிதம் எழுதி அதை நிறுத்தக் கேட்டது. அந்தக் கோபத்தில் நான் தமிழ் நண்பர்களோடு நின்றேன். ஏனென்றால் நாளைக்கு எங்கள் 1990ஐயும் யாராவது எடுப்பார்கள். இலங்கைப் போர் இப்போது விலைபோகிற கதை. எடுப்பவருக்கு ஒரு நல்லவன், ஒரு கெட்டவன், துவக்கு, லொறி, அழுகிற பெண்கள் போதும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகள் பக்கத்து வீட்டை எப்படிப் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்களை எப்படிப் பார்ப்பார்கள்? இந்தத் தெருக்களில் மறுபடி ஒன்றாக இருக்கப் பழகிக்கொண்டிருக்கிற எங்களுக்கு இது விளையாட்டு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: கமெரா வருவதற்கு முன் எங்கள் கதையை நாங்கள் வரைந்து வைக்கவேண்டும்.

ஏன் எழுதாமல் வரையவேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டு பேருடைய கதையைச் சொல்கிறேன்.

ஈரானியப் பெண் மர்ஜான் சத்ரபி தன் சிறுவயதையும் ஈரான் புரட்சியையும் 'பெர்செபொலிஸ்' என்று கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையாக்கினார். 2007இல் அது படமானபோது நடிகர்களை வைத்து எடுக்காமல், அதே கோட்டுச் சித்திரங்களையே அசையவைத்து, தானே கூட இருந்து இயக்கினார். நடிகர்களை வைத்து எடுத்தால் தூரதேசத்து மனிதர்களின் கதையாகத் தள்ளி வைத்துவிடுவார்கள், கோட்டுச் சித்திரத்தில் யாரும் தங்களைக் காணலாம் என்பது அவருடைய எண்ணம். அடுத்தவர் ஆர்ட் ஸ்பீகல்மன். நாசி முகாமில் இருந்து தப்பிய தன் தகப்பனின் கதையை 'மவுஸ்' என்று வரைந்தார். யூதர்கள் எலிகள், நாசிகள் பூனைகள். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. படமாக்கப் பலர் கேட்டும் அவர் இன்றுவரை கொடுக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது முகாம் இல்லை. தகப்பன் சொல்லச் சொல்ல மகன் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுகிற இடங்கள். தகப்பன் சிடுசிடுக்கிறார், மகன் பொறுமை இழக்கிறான், கதை நகர்கிறது.

எங்கள் மண்ணுக்கும் ஒரு புத்தகம் வந்திருக்கிறது. 2019இல் வந்த 'வன்னி'. 2008 செப்டெம்பரில் ஐ.நா. வன்னியை விட்டு வெளியேறும்வரை அங்கே வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலொக் வரைந்தது. தப்பி வந்தவர்கள் சொன்னவற்றைக் கேட்டு ஒரு மீனவக் குடும்பத்தின் கதையாக்கியிருக்கிறார்கள். கதை தொடங்குவது எங்கள் குடாநாட்டுக் கரையில், வடமராட்சி கிழக்குச் செம்பியன்பற்றில், சுனாமியோடு. வாசித்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அடைக்கும்போது புத்தகத்தை மூடலாம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி திறக்கலாம். தொடரில் அந்த வேகம் எடுத்தவர் கையில் இருக்கிறது. சித்திரக்கதையில் வாசிப்பவர் கையில் இருக்கிறது. பட்ட காயத்தைப் பற்றிய கதைக்கு இது பெரிய வித்தியாசம்.

இனி என் வகுப்புக்கு வருகிறேன்.

கமலா கான் பேச்சுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு ஏ4 தாளை ஆறு கட்டமாகப் பிரித்து, வீட்டில் மூத்த ஒருவரிடம் கேட்டு, அவர் ஊரை விட்டுப் போன நாளை வரைந்து வாருங்கள். பலர் முதல் நாள் வெறுங்கையோடு வந்தார்கள். "உம்மம்மா ஒண்டும் சொல்லமாட்டாவாம் டீச்சர்." சரி, சொல்லாவிட்டால் நீங்களாக நினைத்து வரைந்து அவர்களிடம் காட்டுங்கள் என்றேன்.

ஒரு பிள்ளை வரைந்தாள். முதல் கட்டத்தில் இரும்பு கேற் போட்ட வீடு, வாசலில் முக்காடு போட்ட ஒரு பெண். கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். உம்மம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கட கதவு இப்பிடி இல்ல மகள்" என்றாவாம். இரும்பு கேற் இல்லை, மரத்தில் இரட்டைக் கதவு. ஷெல் விழுந்த அதிர்ச்சியில் ஒரு பக்கம் சாய்ந்து, பூட்டினால் பூட்டு விழாது. கொடுத்த இரண்டு மணித்தியாலத்தில் பாதி நேரம் கயிறு தேடி அந்தக் கதவைக் கட்டியதில் போனதாம். பிள்ளை கேட்டிருக்கிறாள்: "போகச் சொன்ன வீட்டை ஏன் உம்மம்மா கட்டினீங்க?"

"திரும்பி வருவம் எண்டுதான்."

பிறகு அவ நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா மதிலால் எட்டி, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொடுத்தது, கொடுக்கும்போது அவவின் கை நடுங்கியது, புத்தளத்தில் அந்த பிளாஸ்க் உடைந்தும் வெளிக்கூட்டை எறியாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது. அந்தப் பிள்ளை இப்போது ஆறு கட்டம் இல்லை, பதினெட்டுக் கட்டம் வரைந்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டத்தையும் உம்மம்மா பார்த்துத் திருத்துகிறா. மதிலின் உயரம் கூட இரண்டு தரம் மாறியிருக்கிறது.

பிழையாக வரைந்த ஒரு கதவு செய்த வேலை இது. 'சொல்லுங்கள்' என்று கமெராவை முன்னுக்கு வைத்தால் அந்த உம்மம்மா எழும்பி உள்ளே போயிருப்பா. பேரப்பிள்ளை பிழையாக வரைந்தால் அவவால் திருத்தாமல் இருக்கமுடியாது.

அந்த பிளாஸ்க்கை யோசித்துப் பாருங்கள். வெளியில் இருந்து வரும் எந்தத் தொடரும் அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் அது இல்லாமல் சொன்னால் அந்தக் கதை பாதிப் பொய்.

எங்களோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று வரைந்து தந்தார். 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன நாள். அவர் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதை வரைந்திருந்தார். திகதியைக் கவனித்தீர்களா? எங்களுக்கு நடந்து சரியாக ஐந்து வருடம், அதே ஒக்டோபர் 30.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. எங்களை முஸ்லிம் என்பதற்காக அனுப்பினார்கள். அவர்களை நெருங்கிவந்த இராணுவத்துக்கு முன் போகச்சொன்னார்கள். வித்தியாசம் வித்தியாசம்தான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் இரண்டு தாளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் கயிற்றால் கட்டின கதவு, மற்றதில் திறப்போடு நிற்கிற அம்மா. தொடரில் ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் காட்டத்தான் முடியும். பின்னுக்கு வருவது முன்னதற்குப் பதில் மாதிரி ஆகிவிடும். ஒரே பக்கத்தில் இரண்டு கட்டமாக வைத்தால் கண் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்று மற்றதை அழிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி குடித்தோம்.

இனி, எனக்கு ஏற்கனவே வந்த மூன்று ஆட்சேபங்கள்.

முதலாவது, உருவம் வரையலாமா என்பது. நான் ஆலிம் இல்லை, தீர்ப்புச் சொல்லமாட்டேன். உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்று மட்டும் தெரியும். தயங்குகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு முகம் வரையவேண்டாம் என்றுதான் சொன்னேன். கதவு, கயிறு, லொறி, செருப்பு, கை, சீலை முந்தானை போதும். ஆச்சரியம் என்னவென்றால் முகம் இல்லாத தாள்கள்தான் கூடுதலாக உறைத்தன. அத்தோடு, தங்கள் முகத்தை வீடியோவில் போட விரும்பாத எங்கள் மூத்த பெண்களுக்கும் இதுதான் வசதி. கதை வரும், ஆள் வெளியே தெரியமாட்டா.

இரண்டாவது, ஆறின புண்ணை ஏன் கிண்டுகிறீர்கள் என்பது. ஆறியிருந்தால் என் உம்மா 35 வருடம் அந்தச் சீலையைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கமாட்டா. நாங்கள் பேசாமல் இருப்பதால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதில்லை. அரைகுறையாக, யூரியூப்பில், கோபத்தோடு தெரியவருகிறது. பிளாஸ்க் இல்லாத கதையாகத் தெரியவருகிறது.

மூன்றாவது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் கொமிக்ஸா என்று பெற்றோர் கேட்கிறீர்கள். அந்தப் பதினெட்டுக் கட்டம் வரைந்த பிள்ளை கட்டுரையில் ஒரு பந்திக்கு மேல் எழுதமாட்டாள். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே எழுதுகிறாள், சந்திப் பிழையைத் திருத்தித் தரச் சொல்லி என்னைத் துரத்துகிறாள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த கற்பித்தல் உபகரணங்கள் எல்லாவற்றையும் விட இந்த ஒரு தாள் கூடுதலாக வேலை செய்திருக்கிறது.

நான் தொடர்களுக்கு எதிரி இல்லை. எங்கள் கதை ஒருநாள் நல்ல தொடராக வரவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. கமலா கானின் கதை தொடராகும்போது சக்தி மாறியது, பல சம்பவங்கள் மாறின. ஆனாலும் பள்ளிவாசலில் தொலைந்த சப்பாத்தும், உம்மம்மாவின் வளையலும், திட்டிக்கொண்டே கடைசியில் மகளுக்குச் சண்டை உடுப்பைத் தன் கையால் கொண்டுவந்து கொடுக்கிற உம்மாவும் அதில் இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி முதலில் அதைப் புத்தகமாக்கி வைத்திருந்ததால்தான் எடுக்க வந்தவர்களுக்கு அந்த வழி கிடைத்தது. எங்களிடம் அப்படி ஒரு புத்தகம் இருந்தால், எடுக்க வருகிறவரிடம் 'முதலில் இதைப் பாருங்கள், கதவு இப்படித்தான் இருந்தது' என்று நாங்களும் சொல்லலாம்.

எனவே ஒரு வேண்டுகோள். ஒக்டோபர் 30 வருகிறது. வழமைபோல நினைவுக் கூட்டம் இருக்கும், உரை இருக்கும், துஆ இருக்கும். அதோடு சேர்த்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை ஒரு தாளை ஆறு கட்டமாகப் பிரித்து, தெரிந்த மாதிரி வரைந்து, வீட்டில் மூத்தவருக்குக் காட்டட்டும். பிழையாக இருக்கட்டும், பரவாயில்லை. புத்தளத்தில் இருக்கும் உறவுகளும் செய்யுங்கள். தமிழ் நண்பர்களே, உங்கள் வீட்டுத் திறப்புகளின் கதையும் வேண்டும். அன்றைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று நாங்கள் போவதைப் பார்த்தவர்களின் கதையும் வேண்டும். அது லேசில்லை என்று தெரியும்.

தாள்களை என்னிடம் தந்தால் கவனமாக ஸ்கேன் பண்ணி, மூலத்தைத் திருப்பித் தருவேன். யாருடைய பெயரும் அவர் சம்மதமில்லாமல் போடமாட்டேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டமாகச் சேர்த்தால் என்ன வருகிறது என்று பார்ப்போம்.

அந்த உம்மம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. கற்றரக்ட் வெட்ட நாள் கொடுத்திருக்கிறார்கள். வெட்டின பிறகு அந்த மதிலின் உயரத்தை மூன்றாம் தரமும் பார்க்கவேண்டுமாம். எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.